ஆங்கிலம் வேலை தந்தது, ஹொக்கியன் ஊரைத் தந்தது

சீனாவில் ஓராண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன் என்றால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்னம்மா செய்தாய்?" இரண்டாவது, "சம்பளம் எவ்வளவு?" மூன்றாவது இளையவர்களிடமிருந்து வரும்: "அக்கா, எங்களையும் எடுப்பார்களா?"

மூன்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. கூடவே யாரும் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆங்கிலத்துக்காக என்னைக் கூப்பிட்ட ஊரில், என்னை ஊர்க்காரியாக்கியது ஆங்கிலம் இல்லை. ஆயர் ஈத்தாம் சந்தையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது காதில் விழுந்த அரைகுறை ஹொக்கியன்தான்.

வானொலியில் நான்கு ஆண்டுகள் அறிவிப்பாளராக இருந்த பிறகு, 2018 செப்டம்பர் முதல் 2019 ஜூலை வரை, சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் சுவான்ஜோ என்ற நகரில் இருந்தேன். பலரும் இதை குவாங்சோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஹாங்காங் பக்கத்தில் உள்ள வேறு நகரம். சுவான்ஜோ தைவானைப் பார்த்தபடி இருக்கும் கடற்கரை நகரம். விமானத்தில் சியாமென் போய், அங்கிருந்து விரைவு ரயிலில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் வந்துவிடும்.

அப்பாவின் பெயரில் ஒரு மாதம்

வெளிநாட்டு வாழ்க்கை தாள்களில் தொடங்குகிறது. சீனாவில் வேலை செய்ய 'இசட்' விசா வேண்டும். அதற்கு முன் வேலை அனுமதிக் கடிதம், சான்றுறுதி செய்யப்பட்ட பட்டச் சான்றிதழ், குற்றப்பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேண்டும். போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு மனு கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் எல்லா நாட்டவருக்கும் உண்டு. நம் பெயர் மட்டும் நமக்கே உரிய தலைவலி. என் கடவுச்சீட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' இருக்கிறது. சாய்கோட்டை அங்குள்ள கணினிப் படிவங்கள் ஏற்கவில்லை. வேலை அனுமதி அட்டையில் 'ஏபி' என்று ஒட்டி எழுதினார்கள். வங்கியில் இடைவெளி விட்டு எழுதினார்கள். இரண்டும் பொருந்தாததால் முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போனது. சரிசெய்ய ஒன்பது நாளானது. அதுவரை பக்கத்து மேசை ஆசிரியை கடனாகக் கொடுத்த 500 யுவானில் ஓட்டினேன்.

போதாததற்கு, சீனப் படிவத்தில் முதலில் வருவது குடும்பப் பெயர். நமக்கு அது கிடையாது. கடைசியில் இருந்த பெயரை அங்கே போட்டுவிட்டார்கள். ஆகவே முதல் ஒரு மாதம் நான் வேலை செய்த மையத்தில் எல்லாரும் என்னை அப்பாவின் பெயரில்தான் கூப்பிட்டார்கள். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் 'லாவ்ஷி' என்று அழைக்கத் தொடங்கியதும் அந்தப் பெயர் தானாக மறைந்தது. 'லாவ்ஷி' என்றால் ஆசிரியர்.

வெளியே பத்து டிகிரி, உள்ளேயும் பத்து டிகிரி

இனி சாப்பாடு. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. 'நியூ ரோ' வேண்டாம் என்பதுதான் நான் மாண்டரினில் தெளிவாகச் சொல்லக் கற்ற முதல் வாக்கியம். மற்றபடி சுவான்ஜோ சாப்பாடு பினாங்குக்காரிக்குப் புதிதல்ல. காலையில் மீ சுவாவைக் கஞ்சிபோலக் குழைத்துத் தருவார்கள். நாம் பொப்பியா என்பதை அவர்கள் 'ருன்பிங்' என்கிறார்கள். சிப்பி ஆம்லெட் நம் ஒட்டுக்கடையில் கிடைப்பதற்கு அண்ணன் முறை. பக்கத்து ஆன்சி மாவட்டம் திக்குவான்யின் தேயிலைக்குப் பேர்போனது. எந்தக் கடைக்குள் போனாலும் சின்னக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிவிட்டுத்தான் பேச்சு.

கிடைக்காதது கறிவேப்பிலை. மல்லித்தழை மலிவு, மிளகும் பூண்டும் தாராளம், தேங்காய்ப்பால் டின்னில் உண்டு. துவரம்பருப்பையும் புளியையும் பினாங்கிலிருந்து இரண்டு கிலோ சுமந்து போனேன். கடுகு இணையக் கடையில் வந்தது. கறிவேப்பிலை இல்லாமல் வைத்த ரசம் ரசமா என்று அம்மா காணொளியில் கேட்டார். காய்ச்சலில் கிடந்த நாளில் குடித்துப் பார்த்தேன். ரசம்தான்.

ஊருக்கு ஃபோன் செய்வது இன்னொரு பாடம். வாட்ஸ்அப், கூகுள், ஃபேஸ்புக் எதுவும் அங்கே திறக்காது. குடும்பம் முழுவதையும் வீசாட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதே செயலியில்தான் வாடகை, மின்கட்டணம், கீரைக்காரப் பாட்டிக்குக் கொடுக்கும் இரண்டு யுவான் எல்லாம். பணப்பையை நான் கடைசியாக எப்போது திறந்தேன் என்பதே மறந்துபோனது.

குளிரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டடங்களைச் சூடாக்கும் பொது வசதி சீனாவில் வடபகுதிக்குத்தான். தெற்கே இருக்கும் சுவான்ஜோவில் ஜனவரி மாதம் வெளியே பத்து டிகிரி என்றால் வீட்டுக்குள்ளும் பத்து டிகிரிதான். பனி இல்லை, ஈரக்குளிர். இரண்டு காலுறை, மூன்று சட்டை, கையில் வெந்நீர்க் குடுவை. சாப்பாட்டுக் கடையில் குளிர்ந்த தண்ணீர் கேட்டால் உடம்புக்கு ஆகாது என்று திட்டுவார்கள். பிப்ரவரியில் நானே என் தோழியைத் திட்டினேன்.

"ஆஸ்திரேலியா என்று சொல்லிவிடுங்கள்"

வேலை ஒரு தனியார் டியூஷன் மையத்தில். வார நாள்களில் மாலை, சனி ஞாயிறு முழு நாள். திங்களும் செவ்வாயும் விடுமுறை. சம்பளம், தங்குமிடம் தவிர மாதம் 11,000 யுவான். அப்போதைய மதிப்பில் ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளியைத் தாண்டும்.

சீனாவின் விதி பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையே ஆங்கில ஆசிரியராக எதிர்பார்க்கிறது. பட்டமும் வேலை அனுபவமும் வேண்டும். மலேசியக் கடவுச்சீட்டோடு போவது எளிதல்ல. ஆஸ்திரேலியாவில் ஊடகத்துறைப் பட்டம் பெற்றிருந்ததும், நான்கு ஆண்டு வேலை அனுபவமும் எனக்குக் கைகொடுத்தன.

காகிதத்தில் சிக்கல் தீர்ந்தது. பெற்றோர்களிடம் தீரவில்லை. வெளிநாட்டு ஆசிரியர் என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டியவர்கள் மனதில் இருந்தது வெள்ளைக்கார முகம். நான்காவது வாரம் புகார் வந்தது. "இவர் இந்தியர் மாதிரி இருக்கிறாரே, உண்மையான லாவ்வாயா?" லாவ்வாய் என்றால் வெளிநாட்டவர். அவர்கள் நாட்டில் நான் வெளிநாட்டவர்கூட இல்லையா என்று சிரிக்கலாம். அன்று சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தத்தில் மூன்று மாதச் சோதனைக் காலம் இருந்தது.

மையத்தின் மேலாளர் கெட்டவர் இல்லை. பதமாகத்தான் சொன்னார். "அடுத்த சனிக்கிழமை திறந்த வகுப்பு வைப்போம். பெற்றோர்கள் வந்து பார்க்கட்டும். எந்த நாடு என்று கேட்டால் ஆஸ்திரேலியா என்று சொல்லிவிடுங்கள். பொய் இல்லையே, அங்கேதானே படித்தீர்கள்?"

வானொலியில் பல குரலில் பேசிப் பழகியவள் நான். ஆஸ்திரேலிய உச்சரிப்பை ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. அந்த ஒரு மணி நேரத்தோடு முடிந்தால் செய்திருக்கவும் கூடும். ஆனால் வருடம் முழுவதும் சந்தையிலும் மின்தூக்கியிலும் அவர்கள் முன்னால் இன்னொருத்தியாக நடமாட வேண்டும். ஊரில் குடியேறுவது நானா, அந்த இன்னொருத்தியா? என் சொந்தக் குரலில் பாடம் நடத்துவது என்று முடிவு செய்தேன்.

'எஃப்' வராத இரண்டு பாட்டிகள்

சனிக்கிழமை பதினான்கு பிள்ளைகள். பின்வரிசையில் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா அம்மாக்கள், தாத்தா பாட்டிகள். நான் எடுத்துக்கொண்ட பாடம் 'எஃப்' என்ற ஒலி.

காரணம் இருந்தது. சுவான்ஜோவின் தாய்மொழி மின்னான். நாம் ஹொக்கியன் என்பது அதைத்தான். அதில் 'எஃப்' கிடையாது. மூத்தவர்கள் மாண்டரின் பேசும்போதும் அது 'ஹ' ஆகிவிடும். அந்த மாநிலத்தார் தங்கள் மாநிலத்தின் பெயரையே 'ஹூஜியான்' என்று சொல்வதாக மற்ற மாநிலத்தார் கேலி செய்வது வழக்கம். வீட்டில் பாட்டி பேச்சைக் கேட்டு வளர்ந்த சில பிள்ளைகள் மீனுக்கான ஆங்கிலச் சொல்லை 'ஹிஷ்' என்றார்கள்.

ஒலிவாங்கி முன் உட்காருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது மூச்சை. 'ப' சொல்லும்போது காற்று பட்டென்று அடிக்கும். 'எஃப்' சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, காற்று மெல்லியதாகத் தொடர்ந்து வரும். 'ஹ'வில் உதடு எதையும் தொடாது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் மூன்றும் வேறு வேறாகத் தெரியும். பிள்ளைகள் கையை வைத்து ஊதினார்கள். திரும்பிப் பார்த்தால் பின்வரிசைப் பாட்டிகளும் கையை வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எனக்குத் தெரிந்த சந்தை ஹொக்கியனில் சொன்னேன், என் பாட்டிக்கும் இந்த ஒலி வராது என்று. நம் தமிழிலும் அதற்குத் தனி எழுத்து இல்லை. என் பாட்டிக்குக் கடைசிவரை மின்விசிறி 'பேன்'தான், பானம் 'காப்பி'தான். இலக்கணம் தப்பும் தவறுமாக வந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

வகுப்பு முடிந்ததும் ஒரு தந்தை எழுந்து, எந்த நாடு என்று கேட்டார். "மலேசியா, பினாங்கு" என்றேன். மேலாளர் தரையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு மூதாட்டி எழுந்து, "மா-போ பக்கமா?" என்றார். மா-போ என்பது மூவாருக்கு ஹொக்கியன் பெயர். அவருடைய பெரியப்பா இளம் வயதில் அங்கே போனவராம். திரும்பி வரவே இல்லையாம்.

எல்லாரும் கை தட்டினார்கள், எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. அடுத்த வாரம் மூன்று பிள்ளைகள் வெள்ளைக்கார ஆசிரியரின் வகுப்புக்கு மாறினார்கள். பதினொருவர் தங்கினார்கள். சோதனைக் காலம் கடந்தது. அதே வேலைக்கு ஐரோப்பியர் ஒருவர் என்னைவிட மூவாயிரம் யுவான் கூடுதலாக வாங்கினார் என்பது பிற்பாடு தெரிந்தது. அது கடைசிவரை மாறவில்லை. போகும் இளையவர்கள் இதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ஆ மாவின் சந்தை

அந்த மூதாட்டியைப் பேரன் 'ஆ மா' என்பான். ஹொக்கியனில் பாட்டி. தமிழ்க் காதுக்கு அது 'அம்மா' என்றே விழும். மாடிப்படியில் அவன் கத்தும்போதெல்லாம் முதல் சில நாள் நானும் திரும்பிப் பார்த்தேன்.

ஆ மாவுடன் திங்கட்கிழமைகளில் சந்தைக்குப் போனேன். அவர் கேட்கும் முதல் வார்த்தை, "சியா பா புவே?" சாப்பிட்டாச்சா என்று பொருள். நம் வீட்டு வாசலில் கேட்கும் அதே கேள்வி. ஒருநாள் கடைக்காரரிடம் அவர் 'சாப்-புன்' கேட்டார். சோப்பை எடுத்துக் கொடுத்தார்கள். நம் மலாய் 'சாபூன்'! நான்யாங் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த சொல் என்கிறார்கள். தென்கடல் நாடுகளுக்குப் போவதை அவர்கள் நான்யாங் போவது என்பார்கள். நம் நாட்டுச் சீனக் குடும்பங்களில் பலவற்றின் பூர்வீகம் சுவான்ஜோவைச் சுற்றியுள்ள ஆன்சி, யோங்சுன், நான்-ஆன், ஜின்ஜியாங் பகுதிகள்தான்.

அப்படிப் போனவர்கள் வீட்டுக்குப் பணமும் கடிதமும் சேர்த்து அனுப்புவார்கள். 'சியாவ்பி' என்று பெயர். 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. ஆ மா வீட்டு அலமாரியில் பெரியப்பா அனுப்பிய ஒன்று இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் விரலை வைத்துப் படித்துக் காட்டினார்: இவ்வளவு பணம், அம்மாவுக்கு இவ்வளவு, தம்பிக்கு இவ்வளவு, நான் நலம், கவலை வேண்டாம்.

என் தாத்தா பட்டர்வொர்த்திலிருந்து ஊருக்கு அனுப்பிய மணியார்டர் துண்டுகளில் இடம் குறைவு. அதிலும் இதுதான் இருக்கும். சுவான்ஜோக்காரர்களுக்கு வெளிநாட்டில் தனியாக இருப்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அப்படிப் போன ஒருவர் இருக்கிறார். ஆ மா எனக்குக் கீரை பொறுக்கிக் கொடுத்தது அந்தப் பெரியப்பாவுக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றும்.

கல்யாண முருங்கை நகரம்

நமக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு இன்னும் பழையது. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இந்தத் துறைமுகத்தை 'ஜைத்தூன்' என்று குறித்தார்கள். நகரில் வளர்ந்த 'சித்தோங்' மரத்தால் வந்த பெயர் என்பார்கள். மலாயில் டெடாப், தமிழில் கல்யாண முருங்கை. வசந்தத்தில் தெருவெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது.

686இல் தொடங்கப்பட்ட காய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவந்து பொருத்தியவை. கடல்சார் அருங்காட்சியகத்திலும் இந்துச் சிற்பக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இந்நகரில் கிடைத்திருக்கிறது. குப்லாய் கான் ஆண்ட காலத்தில் இங்கே ஒரு சிவன் கோயில் இருந்ததை அது சொல்கிறது. கல்வெட்டின் முடிவில் ஒரு வரி சீன எழுத்தில் இருக்கிறது. தமிழ் வணிகர்களும் அன்று அக்கம்பக்கத்து மொழியில் ஒரு வரியாவது எழுதி வைத்துத்தான் குடியிருந்தார்கள் போலும். 2021இல் சுவான்ஜோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது போக நினைப்பவர்களுக்கு

நான் போன காலம் வேறு. 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாட டியூஷனுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. வார இறுதியிலும் விடுமுறையிலும் அத்தகைய வகுப்பு நடத்தத் தடை வந்தது. என் மையமும் மூடப்பட்டது. இன்று வேலை தேடுவோர் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலேசியர்கள் இப்போது விசா இல்லாமல் 30 நாள் சீனாவில் தங்கலாம். அது சுற்றிப் பார்க்க. அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது சட்டவிரோதம். "முதலில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்" என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலை அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு விமானச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் வேலை நேரம், சம்பளத் தேதி, தங்குமிடம், பாதியில் விலகினால் என்ன என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். 'ஏ/பி', 'ஏ/எல்', சிங்கப்பூரில் 'டி/ஓ', 'எஸ்/ஓ' உள்ளவர்கள் முதல் படிவத்தில் பெயர் எப்படி எழுதப்படுகிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். சில நாள்களுக்காவது யுவான் நோட்டு கையில் இருக்கட்டும்.

பருப்பு, புளி, மிளகாய்த்தூளோடு இன்னொன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பள்ளியில் மதிப்பெண் வாங்கித் தராத, சந்தையிலும் அண்டை வீட்டிலும் ஒட்டிக்கொண்ட அந்த அரைகுறை மொழிகள். கெடாவில் சயாம் பேசத் தெரிந்தவர்கள், ஈப்போவில் கந்தோனீஸ் புரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை ஒரு தகுதியாக நாம் விண்ணப்பத்தில் எழுதுவதே இல்லை.

ஆ மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பேரன் உயர்நிலைப்பள்ளியில். அவர் எழுதுவதில்லை, வீசாட்டில் குரல் பதிந்து அனுப்புவார். ஒரு பதிவு அறுபது நொடிதான் போகும். அவருக்கு அது போதாது, நான்கைந்தாக வரும். பாதி எனக்குப் புரியாது. முப்பது ஆண்டு பினாங்கில் சீனர் துணிக்கடையில் வேலை பார்த்த அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துவிடுவேன். முதல் பதிவுக்கு மட்டும் எனக்கு உதவி தேவையில்லை. சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டிருப்பார். மீதியை அம்மா கேட்டு, அவரே பதிலும் பதிந்துவிடுவார். அவர்கள் இருவரும் இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.